அசைய மாட்டேன் என்ற பீரோ!

நவராத்திரிக்கு நாலு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு யுத்தம் நடந்தது. ஒரு பக்கம் நான். எதிர்ப் பக்கம் இரும்பு பீரோ. கொலுப்படி கட்ட இடம் போதாது, பீரோவை எதிர்ச் சுவரோரம் நகர்த்திவிட வேண்டும் என்று என் மனைவி தீர்மானம் நிறைவேற்றியிருந்தாள். அதை அமல் நடத்தும் பொறுப்பு, வழக்கம்போல், எனக்கு.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினேன். பீரோ அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் பலமாகத் தள்ளினேன். அப்போதும் அசையவில்லை. எனக்கு முகம் சிவந்தது, நெற்றி வியர்த்தது. பீரோவோ தவத்தில் அமர்ந்த முனிவரைப்போல் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில், வந்த ஆத்திரத்தில் தோளைக் கொடுத்து ஒரு நெட்டு நெட்டினேன். 'கிர்ர்...' என்று ஒரு சத்தம். பீரோ சட்டென்று விட்டுக்கொடுத்துவிட்டது! அதை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவும் நானுமாக ஒரு முழ தூரம் பாய்ந்து போனோம். அதற்குப் பிறகு அது பசுமாடு மாதிரி சொன்னபடி கேட்டது.

பூ தொடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "முதல் தள்ளுதாண்டா கஷ்டம். அசைஞ்சுட்டா அப்புறம் தானா வரும்" என்றாள்.

பக்கத்து நாற்காலியில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த அத்தை, "தானா வரும், சரி. அசைஞ்சா அப்புறம் நிக்காது, அதையும் சொல்லு" என்றாள்.

இருவரும் பௌதிகம் படித்தவர்கள் அல்ல. ஆனால், அவர்கள் சொன்ன இந்த இரண்டே வாக்கியங்களைச் சோதனை செய்து, கணக்குப் போட்டு, புத்தகத்தில் எழுதி வைப்பதற்குள் ஐரோப்பாவின் பெரிய பெரிய மூளைகளுக்கு இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. அம்மாவின் வாக்கியத்தை முதலில் பார்ப்போம். அத்தையின் வாக்கியத்துக்கு விலை அதிகம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு பிடிவாதக்காரர், ஒரு சமாதானக்காரர்

ஒரு பொருள் இன்னொன்றின்மேல் நகர முயலும்போது குறுக்கே நின்று தடுக்கும் விசைக்கு உராய்வு என்று பெயர். இந்த உராய்வில் இரண்டு வகை உண்டு. பொருள் நின்ற இடத்தில் நிற்கும் வரையில் அதைப் பிடித்து வைத்திருப்பது நிலை உராய்வு. நகரத் தொடங்கிய பிறகு இழுத்துப் பிடிப்பது இயக்க உராய்வு. முன்னது பிடிவாதக்காரர், பின்னது ஓரளவு சமாதானக்காரர்.

பிடிவாதக்காரரின் குணம் விசித்திரமானது. நான் ஐந்து கிலோ பலத்தில் பீரோவைத் தள்ளினால் அவர் சரியாக ஐந்து கிலோ பலத்தில் எதிர்க்கிறார். இருபது கிலோவானால் அவரும் இருபது. தள்ளாமல் சும்மா நின்றால் அவரும் சும்மா இருக்கிறார். வந்த சண்டைக்கு ஏற்றபடி பதில் சொல்கிறவர்! ஆனால், அவருக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை ஒரு குன்றிமணி அளவு தாண்டிவிட்டால் போதும். அவர் இடத்தைக் காலி செய்துவிடுகிறார். சமாதானக்காரர் வந்து உட்காருகிறார். அவருடைய தடை சாதாரணமாகக் குறைவு. வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அவர் அதிகம் மாறுவதில்லை.

எவ்வளவு குறைவு? பௌதிகப் பாடப் புத்தகங்களில் இதற்கு ஓர் அட்டவணை இருக்கும். எண்ணெய்ப் பசையில்லாத உருக்கின்மேல் உருக்கு என்றால், நிலை உராய்வுக்கு 0.74, இயக்க உராய்வுக்கு 0.57. அதாவது, 100 கிலோ உருக்குப் பாளத்தை அசைக்க 74 கிலோ பலம் வேண்டும். அசைந்தபின் நகர்த்திக்கொண்டு போக 57 கிலோ போதும். உலர்ந்த சிமெண்டுத் தரையில் ரப்பர் என்றால் 1.0, 0.8. பரப்பின் வழவழப்பு, சுத்தம், மசகு இவற்றைப் பொறுத்து இந்த எண்கள் மாறும். ஆனால், முதல் எண் பெரிது, இரண்டாவது சிறிது என்பது பெரும்பாலும் மாறாது.

சுமை தூக்குகிறவர்கள் 'ஐலசா' என்று ஏன் குரல் கொடுக்கிறார்கள் என்பதும் இப்போது புரிகிறதல்லவா? நாலு பேர் முன்னும் பின்னுமாகத் தள்ளினால், ஒவ்வொருவர் பலத்துக்கும் தனித்தனியே பதில் சொல்லி அனுப்பிவிடுவார் பிடிவாதக்காரர். நாலு பேரும் ஒரே மூச்சில் சேர்ந்தால்தான் எல்லை உடையும். தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது வடம் பிடித்த அத்தனை பேரும் ஒரே குரலில் கோஷமிட்டு இழுப்பதிலும் இந்தச் சூட்சுமம் அடங்கியிருக்கிறது.

மணையும் தீப்பெட்டியும்

நம்ப முடியாவிட்டால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். செலவு ஒன்றுமில்லை. ஒரு மணைப் பலகையையும் ஒரு தீப்பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மணையின் ஒரு முனையில் பெட்டியை வைத்து, அந்த முனையை மெள்ள மெள்ளத் தூக்குங்கள். ஒரு சரிவு வரைக்கும் பெட்டி அசையாது. பிறகு திடீரென்று கிளம்பும். எப்படிக் கிளம்புகிறது என்பதைக் கவனியுங்கள். ஊர்ந்து ஊர்ந்து வருகிறதா? இல்லை. ஒரே ஓட்டமாய், வேகம் பிடித்துக்கொண்டு கீழே வந்து விழுகிறது.

மறுபடி செய்யுங்கள். இந்தத் தடவை, பெட்டி கிளம்புவதற்கு மயிரிழை முன்பாக நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டி நிற்கிறது. மணையை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். பெட்டி கிளம்பிவிடும், சரிவு அதேதான், ஆனால் வழியில் நிற்காமல் அடிவரைக்கும் வந்துவிடும். நிற்கும் பெட்டியைப் பிடித்து வைக்கப் போதுமாயிருந்த அதே சரிவு, ஓடும் பெட்டியை நிறுத்தப் போதவில்லை!

இதே யோசனையை நுணுக்கமாகச் செய்து பார்த்தவர் ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்த கணித மேதை லெனார்டு ஆய்லர். கிளம்புகிற பொருள் ஊர்ந்து வராமல் வேகம் பிடிப்பானேன் என்று கேட்டு, ஓடும்போது உராய்வு குறைந்துவிடுகிறது என்று அவர் விடை சொன்னார். அவருடைய கட்டுரை 1750-ல் வெளியாயிற்று.

அவருக்கு முன்னால் இந்த விஷயத்தில் கை வைத்தவர் யார் தெரியுமா? மோனாலிஸா சித்திரத்தை எழுதிய லியனார்டோ டாவின்சிதான்! பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில், மேஜைமேல் கட்டைகளை வைத்துக் கயிறு கட்டி இழுத்து, பாரம் இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கிறது, கட்டையைப் படுக்க வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் உராய்வு ஒன்றுதான் என்று குறித்து வைத்தார். ஆனால், குறிப்பேட்டை அச்சிடவில்லை. 1699-ல் பிரான்சு தேசத்து கியோம் அமான்தோன் அதே உண்மைகளை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

இவர்கள் எல்லாருக்கும் பிறகு சார்லஸ் கூலோம் வந்தார். மின்சாரப் பாடத்தில் வருகிற அதே கூலோம்தான். பிரெஞ்சுப் படையில் என்ஜினீயராக இருந்தவர். ரோஷ்ஃபோர் கப்பல் துறையில் மரம், இரும்பு, செம்பு என்று வகைவகையாக உரசிப் பார்த்து, 1781-ல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பரிசைப் பெற்றார். அவர் கண்ட ஒரு விந்தை: மரத்தின்மேல் மரம் எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறதோ, அதற்குத் தக்கபடி அதை அசைப்பது கடினமாகிறது. ஆரம்பத்தில் இந்தக் கடினம் வேகமாக ஏறுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாய்வு நாற்காலியில் கிடக்கும் கணவர்களைப் பற்றியும் கூலோம் ஆராய்ந்திருந்தால் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பார் என்று என் மனைவி அபிப்பிராயப்படுகிறாள்!

ஏன் இப்படி?

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிகிற பரப்பும் பூதக் கண்ணாடியில் மேடும் பள்ளமுமாகவே இருக்கிறது. இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்றால், சில மேடுகளின் உச்சிகள் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். பாரமெல்லாம் அந்தச் சின்னஞ்சிறு உச்சிகளின்மேல் இறங்குவதால் அவை நசுங்கி ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த பௌடன், டேபர் என்ற இருவர் 1950-ல் எழுதிய புத்தகத்தில் இதை விவரித்திருக்கிறார்கள். சும்மா இருக்கும்போது உச்சிகளுக்கு அவகாசம் கிடைக்கிறது, பிடிப்பு பலக்கிறது. ஓடும்போதோ ஒன்றைப் பற்றுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ரயில் நிலையத்தில் நின்று பேசும் சிநேகிதிகளுக்கும், ஓடுகிற ரயிலிலிருந்து கையாட்டும் சிநேகிதிகளுக்கும் உள்ள வித்தியாசம் போலத்தான்.

இந்தப் பற்றுவதும் விடுவதுமான விளையாட்டில்தான் பிடில் வாத்தியமே பிறக்கிறது. ரோஸின் என்னும் பிசினைத் தேய்த்த வில் தந்தியைப் பற்றி இழுக்கிறது, தந்தி ஓர் எல்லை வரை கூடவே போய், வழுக்கித் திரும்புகிறது, மறுபடி பற்றுகிறது. 440 அதிர்வு உள்ள ஸ்வரத்துக்கு, விநாடிக்கு 440 தடவை இந்த நாடகம் நடக்கிறது! எண்ணெய் காணாத கதவுக் கீல் நடு ராத்திரியில் பாடுவதும் இதே வித்தைதான். ராகம்தான் வேறு.

மூன்று மாதம் நகர்ந்த கப்பல்

என்னுடைய பீரோ ஐந்தே நிமிஷத்தில் இறங்கி வந்தது. லண்டன் நகரத்தில் ஒரு கப்பல் இறங்குவதற்கு மூன்று மாதம் பிடித்தது.

பிரிட்டனின் புகழ்பெற்ற என்ஜினீயர் இஸம்பார்டு புருனெல். அவர் தேம்ஸ் நதிக்கரையில் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற பிரம்மாண்டமான இரும்புக் கப்பலைக் கட்டினார். நீளம் 692 அடி. அதுவரை உலகம் கண்டிராத அளவு. ஆற்றின் அகலம் போதாதென்று கப்பலைப் பக்கவாட்டில் சறுக்கி இறக்கத் திட்டமிட்டார். சறுக்குப் பாதையின் சரிவு 12 அடிக்கு 1 அடி. கப்பலின் பாரம் ஏறக்குறைய 12,000 டன். அந்தச் சரிவில் பூமியின் இழுப்பு 1,000 டன் பலத்தில் அதைக் கீழே தள்ளும். ஆனால், கப்பலைத் தாங்கிய தொட்டிலின் அடியில் இரும்புப் பட்டைகள். பாதையிலோ இரும்புத் தண்டவாளங்கள். இரும்பும் இரும்பும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்?

புருனெலுக்கு அந்தக் கவலையைவிட, அசைந்தபின் கப்பல் ஓட்டம் பிடித்துவிடுமோ என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. சங்கிலி சுற்றிய பெரிய உருளைகளை வைத்து, அவற்றைப் பிடித்துக் கட்டுப்படுத்த ஆட்களையும் நிறுத்தினார். 1857 நவம்பர் 3-ம் தேதி. வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம். தள்ளினார்கள், இழுத்தார்கள், கப்பல் அசையவில்லை. திடீரென்று அதன் பின்பகுதி சில அடி பாய்ந்தது. சங்கிலி வெடுக்கென்று இழுபட, உருளையின் கைப்பிடிகள் அசுர வேகத்தில் சுழன்று, அருகிலிருந்த ஆட்களைத் தூக்கி எறிந்தன. உயிர்ச்சேதம் ஏற்பட்டது. கப்பலோ மறுபடி நின்றுவிட்டது.

பிடிவாதக்காரரும் சமாதானக்காரரும் மாறி மாறி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கோரமான உதாரணம் வேண்டியதில்லை. அதன்பின் நீரழுத்த யந்திரங்களைக் கொண்டுவந்து வைத்துத் தள்ளினார்கள். சில அடி நகரும், நிற்கும். நின்றால் மறுபடி முதல் தள்ளிலிருந்து ஆரம்பம்! சங்கிலிகள் அறுந்தன; யந்திரங்கள் வெடித்தன. 1858 ஜனவரி 31-ம் தேதிதான் அது தண்ணீரில் மிதந்தது. மறு வருஷம் செப்டம்பரில் புருனெல் தமது 53-வது வயதில் காலமானார். அதே கப்பல்தான் 1870-ல் பம்பாயிலிருந்து ஏடனுக்குக் கடலடித் தந்திக் கம்பியைப் போட்டது.

உருளும் சக்கரத்தின் ரகசியம்

லண்டன் கப்பல் கிடக்கட்டும். நம் வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்கு வருவோம். ஓடுகிற வண்டியின் டயருக்கும் ரோட்டுக்கும் இடையில் இருப்பது எந்த உராய்வு? 'ஓடுகிறதே, இயக்க உராய்வுதான்' என்று தோன்றும். அதுதான் இல்லை! உருளும் சக்கரத்தில், தரையைத் தொடும் பகுதி அந்தக் கணத்தில் தரையோடு நிற்கிறது, வழுக்கவில்லை. பாதத்தை ஊன்றி நடக்கிறோமே, அதுபோல. டயரின் தடம் மண்ணில் தெளிவாகப் பதிவது இதனால்தான். ஆகவே, உருளும் சக்கரத்தைக் காப்பது பிடிவாதக்காரர்.

குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. பதறிப்போய் பிரேக்கை ஒரேயடியாக அழுத்துகிறோம். சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்கிறது. டயர் ரோட்டில் வழுக்குகிறது. பிடிவாதக்காரர் போய்விட்டார். பிடிப்பு குறைகிறது; நிற்கும் தூரம் சாதாரணமாக அதிகமாகிறது. அதைவிட ஆபத்து, ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ரோடு மழையில் நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஏ.பி.எஸ். என்ற அமைப்பு செய்வது இவ்வளவுதான்: சக்கரம் பூட்டிக்கொள்ளப் பார்க்கும்போது பிரேக்கைச் சற்றுத் தளர்த்தி, மறுபடி பிடித்து, விநாடிக்குப் பல தடவை இப்படிச் செய்து, சக்கரத்தை உருள வைக்கிறது. நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களில் இது இருக்க வேண்டும் என்ற விதி 2019 ஏப்ரலில் முழு அமலுக்கு வந்தது. இந்த வசதி இல்லாத வண்டியானால், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, இரண்டு பிரேக்குகளையும் அளவாக, படிப்படியாக அழுத்துவதே உபாயம்.

அத்தையின் வாக்கியம்

இப்போது அத்தையின் கதைக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு, இதே நவராத்திரி சமயம். பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்க அத்தை ஏணியில் ஏறினாள். அப்போதுதான் துடைத்த மொசேக் தரை, ஈரம் காயவில்லை. முதல் படியில் ஏணி கெட்டியாக இருந்தது. நாலாவது படியிலும் கெட்டியாகவே இருந்தது. அந்த நம்பிக்கையில் மேலே போனாள். பெட்டியின்மேல் கை வைத்த சமயம், ஏணியின் கால் ஒரு விரற்கடை நகர்ந்தது. "நகர்றதேன்னு நினைச்சேன். நினைச்சு முடிக்கறதுக்குள்ளே தரையிலே கிடந்தேன்" என்பாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன், ஆறு மாதப் படுக்கை, பிறகு இந்தக் கைத்தடி.

'நகர ஆரம்பித்ததும் உடனே இறங்கியிருக்கக் கூடாதா?' என்று அன்று நான்கூடக் கேட்டேன். அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று இப்போது தெரிகிறது. நாம் மேலே ஏற ஏற, ஏணியின் கால் வெளியே தள்ளும் விசை அதிகமாகிறது. நிலை உராய்வு அதற்கு ஏற்றபடி பதில் சொல்லிக்கொண்டே, ஒரு சத்தமும் போடாமல், தன் எல்லையை நெருங்குகிறது. கெட்டியாக இருக்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும். எல்லை தாண்டினதும் தடை குறைந்துவிடுகிறது. தள்ளும் விசையோ குறையவில்லை. மணைமேல் வைத்த தீப்பெட்டிக்கு நேர்ந்த கதிதான். ஆரம்பித்த சறுக்கல் தானாக நிற்பதற்கு வழியே இல்லை.

ஆகையால், சகோதரிகளே, காப்பெல்லாம் முதல் விரற்கடைக்கு முன்னால்தான். ஏணியின் கால்களில் ரப்பர்க் குமிழ் தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தரை உலர்ந்திருக்கட்டும், எண்ணெயும் பவுடரும் சிந்தியிருக்க வேண்டாம். நாலு அடி உயரத்துக்கு ஓர் அடி வீதம் ஏணியின் காலைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அதற்கு மேல் தள்ள வேண்டாம். கீழே ஓர் ஆள் காலைப் பிடித்துக்கொள்ளட்டும். சறுக்கல் தொடங்குமுன் ஒரு கை போதும். தொடங்கினபின் பத்துக் கைகள் ஓடி வந்தாலும் எட்டாது. குளியலறைக்கும் இதே சட்டம்தான். சோப்புத் தண்ணீரைக் கழுவிவிட்டு, சொரசொரப்பான விரிப்பைப் போட்டு, பெரியவர்களுக்குச் சுவரில் ஒரு கைப்பிடியும் வைத்துவிட்டால், வீட்டில் ஒரு கைத்தடி குறையும்.

பீரோவை நகர்த்தி முடித்ததும், பொம்மைப் பெட்டியை இறக்க என் மனைவி ஏணியில் ஏறினாள். நான் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. மேலே இருந்து தசாவதாரம் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே காபி ஆறிக்கொண்டிருந்தது. "போய் ஒரு வாய் குடிச்சுட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டேன்.

கைத்தடி தரையில் 'டக்'கென்று ஒலித்தது.

"காபியைச் சுட வைச்சுக்கலாம். அவள் இறங்கற வரைக்கும் பிடிடா!" என்றாள் அத்தை.

பிடித்துக்கொண்டு நின்றேன்.